உவர்மலையில் கழுவும் வேலை

பத்தொன்பது வருஷம் சிலிண்டர் சுமந்த தோள்.
இடது பக்கம் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கும்;
சட்டை தைக்கிற ஜெயசோதிக்கு அது தெரியும்.

இப்போது வாளியும் பழந்துணியுமாய்
கூரைகளில் ஏறுகிறேன்.
பேரிலேயே உவர் இருக்கிற மலை:
கடல் இரவில் வந்து
தகடு தகடாய் நக்கிவிட்டுப் போகிறது.
உப்பைத் துடைத்தால்தான் வெயில் உள்ளே இறங்கும்.
கூரைக்கு நானூறு ரூபாய்.
குரங்கு வந்துபோன வீட்டுக்கு ஐந்நூறு.

மேலே நின்றால் இரண்டு பக்கமும் கடல்.
சுமந்த காலத்தில்
படிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷம் இந்த ஒழுங்கையே
வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியில் கோத்துவிட்டு
மூன்று இரவு வரிசையில் படுத்தது.
லொறி வராது என்று சொல்ல
என்னைத்தான் அனுப்பினார்கள்.
ஏச்சு வாங்கியதும் நான்தான்.

இப்போது நண்பகலில் மீற்றர் மறுபக்கம் ஓடுகிறதாம்,
மின்கம்பம் எங்களிடம் வாங்குகிறதாம்.
பசீனா ரீச்சர் கூப்பிட்டுக் காட்டினா.
எனக்கு இலக்கங்கள்தான் தெரிந்தன.
அவ சிரித்துக்கொண்டே நின்றா,
கடன் கொடுத்தவளைப் போல.

மண்சட்டி அந்தக் கண்ணாடி அடுப்பில் சூடேறாது.
அதனால் கடைசி வீட்டு இருதயமலர் அக்கா
சூடைமீன் குழம்புக்கென்று
ஒரு சிலிண்டரை மறைத்து வைத்திருக்கிறா.
தீர்ந்தால், பொழுதுபட்ட பிறகு,
பழைய தோளில் புதியதை ஏற்றிப் போவேன்.
ஒழுங்கைச் சங்கத்துக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மார்கழியில் நாலு நாள் வானம் மூடினால்
சங்கத் தலைவர் உட்பட
யார் யார் கேத்தலோடு அவ வாசலுக்கு வருவார்கள் என்று
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதுவரை
குழம்பில் ஒரு கிண்ணம் எனக்கு.