ஏழாம் அட்டவணை

மருதானை அச்சகத்தில் ஒப்புநோக்க எனக்குப்
பக்கத்துக்கு எழுபத்தைந்து சதம்.
மாஸ்கோவிலிருந்து ஒரு சிறுநூல் வந்திருந்தது,
யாரோ அங்கேயே தமிழாக்கியது.
"அனைத்துத் தேசிய இனங்களும் அறிவின் ஒலியில்"
என்று இருந்தது முதற்பக்கத்தில்.
ஒளி ஆக்கினேன்.

ஏழாம் அட்டவணை:
எந்த இனத்தில் எத்தனை சனம்,
அதில் எத்தனை பேர் பல்கலைக்கழகத்தில்.
ருஷ்யர், உக்ரேனியர், ஜோர்ஜியர், தாஜிக்கியர்.
நான் காணாத மலைகளின் பிள்ளைகள்
தசமப் புள்ளியோடு வரிசையில் நின்றார்கள்.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே மொத்தம்.

எழுத்துக் கோத்தவன் பியதிலக.
தமிழ் வாசிக்கத் தெரியாது அவனுக்கு.
ழகரத்தை வாலாலும்
ணகரத்தைச் சுழியாலும்
விரல்தான் அறியும்.
பிழை விடுவது என்னைவிடக் குறைவு.

அந்த மாதம்தான் தம்பியின் பெறுபேறும் வந்தது.
பொறியியலுக்கு மூன்று புள்ளி போதாதாம்.
சிங்களத்தில் எழுதியிருந்தால் போதுமாம்.
அப்பா தபாலட்டையில் அவ்வளவுதான் எழுதியிருந்தார்,
பிறகு முழுக்க மழை பற்றி.

செவ்வாய்க்கிழமை ஒரு கடிதம்:
ஏழாம் அட்டவணையின் ஆறாவது வரியை எடுத்துவிடவும்.
காரணம் இல்லை.
எடுத்துப் பார்த்தேன்.
சனம் கொஞ்சம், படித்தவர்கள் நிறைய.
வேறு குற்றம் எதுவும் தெரியவில்லை அந்த வரியில்.

பியதிலக இடுக்கியால் அதைக் கிளப்பி எடுத்தான்.
பஸ்ஸில் ஒருவர் இறங்கியதும்
தள்ளித் தள்ளி உட்காருவோமே,
அப்படி நெருங்கிக்கொண்டன மற்ற வரிகள்.
"மே கவுத?" என்றான், ஈயத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு.
யாரென்று தெரியாது, நல்லாப் படிக்கிற ஆக்கள் என்றேன்.
அவன் சிரித்தான்.
நானும் கொஞ்சம்.

போன கிழமைதான் தொதல் கொண்டுவந்து தந்தான்.
மொனராகலையில் அவன் அக்கா மகள்
கம்பஸுக்கு எடுபட்டாள்.
அந்தப் பள்ளிக்கூடத்தில்
விஞ்ஞான கூடம் என்று ஒரு கதவு மட்டும்தானாம்,
பின்னால் அறை இல்லை.
தொதல் நல்ல இனிப்பு.
இரண்டு துண்டு தின்றேன்.
மூன்றாவதைத் தாளில் சுற்றி
மேசை லாச்சியில் வைத்தேன்.
யாருக்கென்று தெரியாமல்
இன்னும் அங்கேயே இருக்கிறது.

திருத்திய படி ஈரத்தோடு வந்தது.
பழக்கதோஷத்தில் கூட்டிப் பார்த்தேன்.
இடித்தது.
மறுபடி கூட்டினேன், மேலிருந்து கீழே,
பிறகு கீழிருந்து மேலே.
ஆறாவது வரியை எடுக்கச் சொன்னவர்கள்
மொத்தத்தைத் தொடச் சொல்லவில்லை.
அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்,
கோட்டுக்குக் கீழே,
பெயர் இல்லாமல்,
ஒருவர் குறையாமல்.

மனேஜர் எழும்பிவிட்டார், சாவி குலுங்கியது.
மொத்தத்தின் அடியில் புள்ளி புள்ளியாய் இழுத்து
ஓரத்தில் எழுதினேன்:
இருக்கட்டும்.

வெளியே வரும்போது பார்த்தேன்.
கலைத்துப் பெட்டியில் போடாமல்
கல்லின் ஓரத்தில் விட்டிருந்தான் அந்த வரியை.
இடம் வலமாக,
யாரோ உள்ளேயிருந்து வாசிப்பதற்கு வைத்ததுபோல.