ஐந்தாவது அடைப்பு

ஸ்பார்க் பிளக் இல்லை, தாசையன்,
அது அன்றைக்கே கழன்றது.
இது தண்ணீர் ஓடும் அறைக்கு மூடி.
உம்ம வள்ளத்து எஞ்சின் தலையில் ஐந்து.

முதல் இரண்டும் சாவிக்கு அசைந்தன.
மூன்றாவதைப் பழுக்கக் காய்ச்சி
விளிம்பில் மெழுகுதிரித் துண்டைத் தொட்டேன்,
கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சியது.
மரையெல்லாம் மெழுகு குடித்து
ஒரு முனகல், கால் சுற்று,
பிறகு தானாகவே வந்தது.
நான்காவதன் சதுரக் குழியை
எவனோ உளியால் அடித்து வட்டமாக்கியிருந்தான்.
மேபல் அதன்மேல் நட்டு வைத்து வெல்டு அடித்தாள்.
சிவப்பு அடங்குமுன் ஸ்பானர். விட்டது.
துருவும் மணலுமாகக் கொட்டியது
குளச்சல் கடல்.

ஐந்தாவதில் வெல்டு பிடிக்கவில்லை.
மூன்று ராடு வீண்.
"பெயின்டு பொசுங்குது" என்றாள்.
பெயின்டு மட்டும் இல்லை,
அடுப்பு வாசம்.

சுரண்டினால் பனை வைரம்.
கறுத்த நார் தெரியச் செதுக்கி
அறைந்து இறக்கி
மேலே இரும்பு நிறம் பூசி
முழுக்கூலி வாங்கியிருக்கிறான் கள்ளப்பயல்.

"அப்பன் காலம் முழுக்க ஓடிச்சு,
ஒருநாளும் சூடானதில்ல" என்கிறீர்.
நனைய நனைய இறுகியிருக்கும்.
துளைத்துத் தூள் தூளாகத்தான்
எடுக்க முடிந்தது.

பித்தளையில் ஐந்து கடைந்து வைத்திருந்தேன்.
நான்கு பூட்டியாயிற்று.
ஐந்தாம் துளையில் விரல் விட்டுப் பார்க்கிறேன்:
மரையே இல்லை,
உள்ளங்கைபோல வழுவழுப்பு.
அவனும் இப்படித்தான் விரல் விட்டிருப்பான்.

பெரிய டாப்புக்கு நாகர்கோவில் போகணும்,
அதுவும் திங்கட்கிழமை.
உமக்கோ சனிக்கிழமை வேண்டும்.
பட்டறை வாசலில் பனங்கட்டை ஒன்று கிடக்கிறது.
நான் அதைப் பார்க்கவில்லை என்றே
வைத்துக்கொள்ளும்.