திருத்த மின்னழுத்தம்

நொடிக்கு ஒரு கோடி முறை
துடிக்க வேண்டும் இந்தப் படிகம்.
துடிக்கிறது.
சில சமயம் கோடிக்கு ஒன்று குறைய,
சில சமயம் இரண்டு குறைய.

இரண்டுக்கா இவ்வளவு பாடு என்றாள் ஸைகா.
வானத்திலிருந்து வருவதை ஒட்டுக்கேட்கிற காதுக்கு
இரண்டு பெரிய தொகை.

ஒரு வாரம் காகிதச் சுருளை ஓடவிட்டேன்.
பேனா வரைந்தது:
நாற்பது நிமிடத்துக்கொரு குழி.
இரவில் மட்டும். ஞாயிறு கிடையாது.
வென்ட்ஸ்பில்ஸுக்கு வடக்கே, பைன் காட்டுக்குள்,
பிப்ரவரி, மைனஸ் பதினேழு.
எந்த நட்சத்திரம் ஞாயிறு விடுப்பு எடுக்கும்?

குன்வால்டிஸ்தான்.
இரவுக் காவலர்.
கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்துவிட்டு
வாசலில் நின்று புகைக்கிறார்.
குளிர் நடைகூடம் வழியே வந்து
படிகத்தின் பெட்டியைத் தடவிவிட்டுப் போகிறது.

நிறுத்தச் சொல்லலாம்.
நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன்:
இடையூறு, ஒரு சிகரெட்.
நீளம், ஏழு நிமிடம்.

முதலில் வெறும் பெருக்கி.
வித்தியாசத்தை எடுத்துப் பெருக்கி
எதிராகத் திருப்பி ஊட்டினேன்.
பெரிய கட்டடத்திலிருந்து கம்பியில் வரும் அடியோடு
படிகம் அடி பிசகாமல் நடந்தது.
கதவு திறந்தால் மட்டும்
கால் எட்டுப் பின்தங்கும்,
பின்தங்கியபடியே சமாதானமாகிவிடும்.

எனக்குச் சமாதானமாகவில்லை.
பெருக்கியின் முதுகில் மின்தேக்கியை ஏற்றினேன்.
அது மறக்காத ஜாதி.
பழைய பிழைகளையெல்லாம் கூட்டிக் கூட்டி
விட்ட குறை தொட்ட குறையாகச் சுமக்கும்.
சுமந்தது.
பிறகு ஆடத் தொடங்கியது.
பிழை தீர்ந்த பிறகும் தீர்த்துக்கொண்டே போய்
அந்தப் பக்கம் விழுந்து
திரும்பி ஓடி வந்து இந்தப் பக்கம் விழுந்து,
அலைவதை அடக்கப் போனது
தானே அலைந்துகொண்டிருந்தது.
திரையில் பார்க்க அழகாகத்தான் இருந்தது, சனியன்.

மூன்று இரவு.
மின்தேக்கியோடு தொடராக ஒரு மின்தடை வை,
பழசைச் சுமக்கிறவனே, இப்போது நடப்பதையும் கொஞ்சம் பார்
என்று சொல்வதுபோல.
பத்து கிலோ ஓம். ஆட்டம்.
இருபத்திரண்டு. ஆட்டம்.
நாற்பத்தேழில் இரண்டு முறை தலையசைத்துவிட்டு
அடங்கிற்று.

அதற்குப் பிறகும் மின்தேக்கி ரகசியமாய்க் கசிந்தது.
சோவியத் காலத்து மரப்பெட்டியைக் கிளறி
கட்டைவிரல் பருமனில் ஒரு டெஃப்லான் உருளையை
ஸைகா எடுத்து வந்தாள், மேலே எலிப் புழுக்கையோடு.
அது சொட்டுக்கூடக் கசியவில்லை.

முதல் பேனா இப்போது நேர்கோடு.
இயக்குநர் வந்து பார்த்துத் தலையாட்டினார்.
இரண்டாவது பேனாவை அவர் பார்க்கவில்லை.
அது படிகத்தைத் திருத்தப் போகும் மின்னழுத்தம்.
குழி இருந்த இடத்திலெல்லாம்
அதில் ஒரு மேடு,
நாற்பது நிமிடத்துக்கொன்று.
குளிர் எங்கும் போய்விடவில்லை.
யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மார்ச், ஒரு செவ்வாய்.
ஒன்று இருபது, மேடு இல்லை.
இரண்டு மணி, இல்லை.
இரண்டு நாற்பதுக்கு நான் பூட்ஸை மாட்டினேன்.

நடைகூடத்தின் கோடியில்
மூடிய கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்,
வாயில் புதினா மிட்டாய்,
மடியில் செங்கல்.
சுவரில் இயக்குநரின் புதுச் சுற்றறிக்கை.
"உங்கள் பெட்டிக்கு ஆகாதாமே" என்றார்.

என்ன சொல்வது?
ஒரு கோடித் துடிப்பும் அவரைக் கணக்கில் வைத்தே
கட்டப்பட்டவை என்றா?
செங்கலை வாங்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தேன்.

எனக்கும் ஒன்று நீட்டினார். எனக்குப் பழக்கமில்லை.
பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றேன்.
காட்டுக்கு அப்பால் கடல் உறைந்து கிடந்தது.
இரண்டாவதையும் அவர் முடித்த பிறகுதான் உள்ளே வந்தோம்.

முதல் பேனாவுக்குச் சேதியே தெரியாது.
இரண்டாவதில் மூன்று ஐந்துக்கு
வழக்கத்தைவிட அகலமாய் ஒரு மேடு.
அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்:
இருவர்.