ஒத்து

பித்தளைத் தகட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து.
சபைக் கணக்கேட்டில் இருபத்தாறு, சித்திரை.
எது சரி என்று மூன்று கூட்டம் போட்டார்கள்,
மூன்றிலும் சமோசா.
கடைசியில் பிஷப்புக்கு எந்த நாள் ஒழிகிறதோ
அதுவே பொறையாற்று ஆர்கனின் நூறாவது பிறந்தநாள்.
ஐப்பசியில்தான் ஒழிந்தது.

நான் கிருபாவதி.
வாரம் முழுக்க மின்வாரியத்தில் பில் கவுண்டர்,
ஞாயிற்றுக்கிழமை இந்த மரக்கூண்டு.
வாசித்தவர்களின் பெயர்ப்பலகையில் ஏழாவது;
பெயின்ட் இன்னும் ஒட்டுகிறது.

எனக்குத் தெரிந்த ஆண்டுகள் வேறு.
பெடலுக்கடியில் எலி குட்டி போட்ட வருஷம்.
புயல் ஓட்டைப் பெயர்த்து
பெரிய குழாயில் மழை நின்ற வருஷம்,
மறுநாள் கட்டையை அழுத்தினால்
வாய் கொப்புளித்தது.
அப்புறம் அறுபத்தெட்டு, மோட்டார் மாட்டியது.
அதுவரை பின்னால் நின்று துருத்தி மிதித்தவருக்கு
வாரம் நாலணா.
ஏட்டில் பெயர் இல்லை.
பக்கம் பக்கமாக
'காற்றுக்கு' என்று மட்டும்.

விழாவன்று மழைக்கு மரம் ஊதிக்கொண்டது.
இரண்டாம் பாட்டு முடிந்து கையை எடுத்தேன்.
ஒரு 'ஜி' மட்டும் எடுக்கவில்லை.
கட்டையைத் தட்டினேன், நகத்தால் நெம்பினேன்.
பிஷப் எழுந்துவிட்டார்.
கோயில்பிள்ளை தூணோரம் நின்று
கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார்.
மோட்டாரை அணைத்தால்
இழுத்து இழுத்து ஆடு கத்துவதுபோல் அடங்கும்,
அது இதைவிட மானக்கேடு.
விட்டுவிட்டேன்.

வரவேற்பு, ஆண்டறிக்கை, பொன்னாடை,
எல்லாம் அந்த ஒரு ஸ்வரத்தின் மேல்தான்.
பத்து நிமிஷத்தில் பிஷப்பின் பேச்சு
தானறியாமல் அதில் போய் அமர்ந்தது.
தசமபாக நிலுவையைக்கூட
ஓதுவதுபோல் சொன்னார்.

பந்தல் விளக்கு பார்க்க வந்த லைன்மேன் தர்மசிவம்
வயரைச் சுருட்டியபடி சொன்னார்:
"நல்லாத்தான் இருந்துச்சு மேடம்.
எங்க அண்ணன் ஒத்து ஊதுது,
திருக்கடையூர்ப் பக்கம் எந்தக் கல்யாணம்னாலும்.
இதே வேலைதான், ஒரே சத்தம், மூச்சு விடாம.
பத்திரிகைல நாயனக்காரர் பேர் போடுவாங்க,
தவில்காரர் பேர் போடுவாங்க."
பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்று செலவுக் கணக்கு எழுதினோம்.
மாலை எட்டு. சமோசா முந்நூறு.
பிஷப் காருக்கு டீசல்.
அடியில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
காற்றுக்கு, நாலணா.
பொருளாளர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
இரண்டு முறை படித்தார்.

ரசீது எங்கே என்றார்.