சத்தம் போடக் கூடாத நாளில்

ஹுட்வில்லில் ஞாயிற்றுக்கிழமை சுத்தியலுக்கு விடுமுறை.
வெறும் போத்தலைக்கூடத் தொட்டியில் போட முடியாது,
கண்ணாடி உடைகிற ஓசை
ஆறு வீட்டு ஓய்வைக் கலைக்கும்.
டயர் மாற்ற இதைவிட நல்ல நாள் இல்லை.
ஒழுங்காகச் செய்தால்
அது வாய் திறக்காத வேலை.

நிலவறையில்,
துணி துவைக்கும் அறைக்கு அடுத்த கூடு என்னுடையது.
கொதிகலன் குழாயில் சாய்ந்து
காலையிலிருந்து இளகிக்கொண்டிருக்கிறது புது டயர்.
குளிர்ந்த ரப்பரோடு மல்லுக்கட்டுவது
கோபத்தில் இருப்பவரிடம் கடனைத் திருப்பிக் கேட்பது மாதிரி.

போன வருடம் என்னிடம் இருந்தவை
இரண்டு திருப்புளி, ஒரு அகப்பைக் காம்பு,
மிச்சமெல்லாம் வீராப்பு.
மூன்று ட்யூப் கிழிந்தது.
மூன்றாவது கிழிந்தபோது நான் சொன்ன சொல்லுக்கு
ஜெர்மனில் சொல் இல்லை.

இப்போது நெம்புகோல் மூன்று,
கரண்டி முனைபோல் வளைந்தவை.
வால்வு கழற்ற விரல் நீளச் சாவி.
ஏற்றிய விளிம்பு நழுவி வராமல்
ஆரக்கம்பியில் மாட்டும் கவ்வி.
சோப்புத் தண்ணீர். முகப்பவுடர்.
முழங்காலுக்கு அடியில்
முதியோர் இல்லத்தில் கழித்துப் போட்ட மெத்தைத் துண்டு.

அங்கேதான் வேலை எனக்கு.
படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை
இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன்.
தொண்ணூறு கிலோ ஆளும் திரும்பிவிடுவார்,
எதிர்ப்பக்கம் தளர்ந்திருந்தால்.
இங்கேயும் அதேதான்:
எதிர் விளிம்பை முழங்காலால்
ரிம்மின் நடுப்பள்ளத்தில் அமிழ்த்திவிட்டு
இந்தப் பக்கம் அரைச் சாண்.
மறுபடி அரைச் சாண்.
ஆசைப்பட்டு ஒரு முழம் பிடித்தால்
இரும்பு உள்ளே ட்யூபைக் கடித்துவிடும்,
காற்றடிக்கும் வரை சொல்லவும் செய்யாது.

ஐம்பது நிமிடம்.
கடைசி அரைச் சாணும் வழுக்கி உள்ளே விழுந்தது.
காற்று மட்டும் பாக்கி.

அப்போதுதான் வந்தாள் மூன்றாம் மாடி எலிரா,
ஒன்பது வயது,
சனிக்கிழமை காயப்போட்ட காலுறையில்
ஒற்றையைத் தேடிக்கொண்டு.
குந்தி உட்கார்ந்தாள்.
ரப்பரில் பொறித்திருந்த அம்பை விரலால் தடவினாள்.
"இது எங்கே போகிறது?"

முன்னால், என்றேன்.
காட்டுவதற்காகச் சக்கரத்தைத் தூக்கி
பல்சக்கரம் சங்கிலிப் பக்கம் வர
வண்டியோடு சேர்த்து நிறுத்தினேன்.
அம்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பழைய சொல்லை
இந்த முறை பல்லுக்குள்ளேயே சொன்னேன்.
"அதற்கு என்ன அர்த்தம்?"
மறுபடியும் முதலிலிருந்து என்று அர்த்தம்.

அவள் கவ்வியைப் பிடித்துக்கொண்டாள்.
காலுறையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
ரப்பரில் இன்னும் சூடு இருந்தது.
ஏன் கீழே இருந்து ஓட்டுகிறாய் என்று கேட்டாள்,
நான் இன்னும் எங்கேயும் ஓட்டவில்லை, என்றேன்.
அடுத்த சனிக்கிழமை
ஒரு விவசாயியின் அறுத்த வயலில் பந்தயம்.
போன முறை கடைசி வரிசையில் தொடங்கி
கடைசியிலேயே முடித்தேன்.
"உனக்கு எத்தனை வயது?"
நாற்பத்தொன்று.
யோசித்துவிட்டு, "பரவாயில்லை" என்றாள்.

இருபத்திரண்டு நிமிடம்.
பம்பை எடுத்தவள் கீழே வைத்தேன்.
காற்று ஏற ஏற, விளிம்பு ரிம்மில் போய் உட்காரும்போது
படிக்கட்டு முழுக்கக் கேட்கிற மாதிரி
டப் என்று ஒன்று வரும்.
மறுபக்கத்துக்கு இன்னொன்று.
இந்த வேலையில் உள்ள ஒரே சத்தம் அது.
அது திங்கட்கிழமைக்கு உரியது.

"இரண்டும் எனக்குக் கேட்குமா?"
கேட்கும்.
மேலே இருந்து அவள் அம்மா கூப்பிட்டாள்.
காலுறையை மறந்துவிட்டுப் போனாள்.

காலை ஏழு மணி ஒரு நிமிடம்.
சீருடையோடு பம்பை மிதித்தேன்.
ஒரு பார். ஒன்றரை.
டப்.
மேலே எங்கோ ஒரு கதவு திறந்தது.
இரண்டு பார்.
ஒன்றும் இல்லை.
இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீர்.
படிக்கட்டின் உச்சியிலிருந்து
தூக்கம் கலையாத குரல்:
"இரண்டாவது?"

மிதித்துக்கொண்டிருக்கிறேன், என்றேன்.