முக்கோணத்தை அழுத்தவும்

நூற்றிப்பத்து ஜிபி.
நான்கு ராத்திரி இறங்கியது.
மூன்றாம் ராத்திரி கருங்கலில் கரண்ட் போய்
யூபிஎஸ் கோழிக்குஞ்சாய்க் கத்த,
நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்
யூனிஃபார்ம் பாவாடைகளுக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தேன்.
ஜூன் மாதம். பள்ளி திறந்த வாரம்.
ஒரே அளவில் வாங்கிய துணியோடு
ஊர்ப்பட்ட அளவில் பிள்ளைகள் வரும் வாரம்.

பெபின் தம்மாமில் இரண்டு வருடம் முன்பே ஆடி முடித்துவிட்டான்.
வீடியோ காலில் அறை டிவியை எனக்குக் காட்டியபடி ஆடினான்:
லாந்தர் ஏந்திய ஒருத்தி
குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு
பனி மூடிய பாலம் கடக்கிறாள்.
அவ்வளவுதான்.
யாரையும் சுடவில்லை, வெட்டவில்லை.
குளம்படி மட்டும் கேட்டது,
அதுவும் அவன் அறைக்காரனின் குறட்டைக்கு நடுவே.
அந்தப் பாலத்தை
நானே கடக்க வேண்டும் என்றிருந்தது.

ஒரு கல்யாண சீசனின் பிளவுஸ் மொத்தமும்
நாகர்கோவிலில்
யாரோ ஓட்டித் தள்ளிய கிராபிக்ஸ் கார்டு ஆனது.

ஷேடர்கள் தயாராகின்றன: ஏழு சதவீதம்.
சோறு வடித்துவிட்டு வந்தேன். பதினொன்று.
சாளை கழுவிப் பொரித்துவிட்டு வந்தேன். முப்பத்து நாலு.
ஜெபம் முடிந்து கண் திறந்தால் எழுபது.
எழுபதில் திரை இருண்டு
மறுபடி ஒன்று.

இரண்டு மணி நேரத்துக்குள் வேண்டாம் என்றால்
பணம் திரும்புமாம்.
அதில் ஒன்றே முக்கால் மணி நேரம்
நான் சதவீதம்தான் விளையாடியிருந்தேன்.

பிறகு பாலம்.
குதிரை ஒரு காலைத் தூக்கியது.
தூக்கியபடியே நின்றது.
அப்புறம் மூன்று அடியை ஒன்றாக வைத்தது.
நூல் இழுவை சரியில்லாத மிஷினில்
தையல் தாவுமே, அப்படி.

நிழலைக் குறைத்தேன்.
பனியைக் குறைத்தேன்.
ஆற்றைக் குறைத்தேன், தூரத்து மலையை எடுத்தேன்.
அவள் முகம் பிசைந்த மாவாகும்வரை குறைத்தேன்.
அசிங்கமானதே தவிர
அடி சேரவில்லை.

"எனக்க கிட்ட வழுக்கிட்டுல்லா ஓடிச்சு,
உனக்க கம்ப்யூட்டர்தான் சவமாக்கும்" என்றான் பெபின்.

இல்லடே.
உன் பெட்டி ஒரே உடம்பு.
லட்சம் வீட்டிலும் அதே இடுப்பு, அதே தோள்.
அதற்கு வெட்டியதை
ஓர் இன்ச் பிரிக்காமல்
எங்கள்மேல் மாட்டிவிட்டிருக்கிறார்கள்.
விலை மட்டும் உனக்கும் எனக்கும் ஒன்று.
எனக்குத் தெரியாதா?
துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும்,
அளவெடுக்காத கை எது என்று தையல் சொல்லும்.
உள்ளே துணி விட்டிருக்க மாட்டார்கள்.
பிரித்துவிடக்கூட வழி இருக்காது.

அன்று சாயங்காலம் ஒன்பதாம் வகுப்பு அட்லின்
கொக்கி எட்டாத பாவாடைக்குள்
மூச்சை இழுத்துப் பிடித்து நின்றாள்.
"எனக்க வயிறுதான் அக்கா பெருத்துப்போச்சு."
மூச்சை விடு என்றேன்.
உன் வயிறு சரியாகத்தான் இருக்கிறது.

ராத்திரி மூடியைக் கழற்றி
கார்டின் தூசியை பெயின்ட் பிரஷால் தட்டும்போது
அதையே இன்னொரு தடவை சொன்னேன்.

வருந்துகிறோம் என்று கம்பெனி எழுதியது.
கூடவே ஓர் ஒட்டுத்துணி: இருபத்திரண்டு ஜிபி.
மறுநாள் குதிரைக்கு வாலைக் காணவில்லை.

ஆனாலும் போனேன்.
தாவித் தாவி, நின்று நின்று,
இருபது நிமிடத்தில் பாலத்தின் பாதி.
நடுவில் ஒரு மரக்கதவு.
பெபின் காட்டியபோது இது திறந்தே இருந்தது.
திரையில் எழுத்து மின்னுகிறது:
முக்கோணத்தை அழுத்தவும்.

அவன் கையில் இருந்த கருவிக்குச் சொன்னது.
அதைக்கூட மாற்றவில்லை.
என் விசைப்பலகையில் முக்கோணம் கிடையாது.
எஃப் இல்லை, ஈ இல்லை, ஸ்பேஸ் பார் இல்லை,
ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.
ஒன்றுக்கு லாந்தர் அணைந்தது.

மேசையில் ஒரே ஒரு முக்கோணம் உண்டு.
துணியில் கோடு போடும் நீலச் சுண்ணாம்பு,
மூன்று மூலையும் தேய்ந்தது.
அழுத்தினேன்.
விரலில் நீலம்.

இருட்டில் குதிரை
ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது.