எழுபத்திரண்டில் ஒன்று

ஹப்புத்தளையில் பசை காய மூன்று நாள் பிடிக்கும்.
பெட்டியில் போட்டிருப்பது இருபது நிமிடம்.
பெட்டி அச்சடித்தவனுக்கு
ஜன்னல் வழியே வந்து மேசையில் குந்தும்
இந்தப் பனியைத் தெரியாது.

மருந்துக்கடையில் எனக்கு வேலை.
பகலெல்லாம் மில்லிகிராம், இரவில் மில்லிமீட்டர்.
காலாவதியான சிரிஞ்சில் சாயம் உறிஞ்சுகிறேன்.
மனைவி புருவம் திருத்தும் சாவணம் இப்போது என்னுடையது.
அதற்கு ஒரு சண்டை நடந்தது.
தோற்றதாக ஒத்துக்கொண்டு வைத்துக்கொண்டேன்.

எழுபத்திரண்டில் ஒன்று என்றால்
ஆறடி மனிதன் ஓர் அங்குலம்.
ஆறடி நிலமும் அப்படியே.
நான் பிறந்த லயத்துக் காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு,
தீப்பெட்டிக்குக் கொஞ்சம் மேலே.
ஏழு பேர் படுத்திருந்தோம் அதில்.

டோஹா மச்சான் இந்த முறை கொண்டுவந்தது மிராஜ்.
முக்கோணச் சிறகு. எண்பத்தொன்பது துண்டு.
அதில் விமானி இரண்டு துண்டு:
உடம்பு தனி, தலை தனி.
மூக்குநுனிக் குழாய் உடைந்து வந்திருந்தது.
இன்சுலின் ஊசியை வெட்டி ஒட்டினேன்.
முதுகின் பச்சைக்கும் மண்நிறத்துக்கும் இரண்டு வாரம்.
வயிற்றுக்கு ஒரே சாம்பல், அரை மணி நேரம்.
அலுமாரியில் வைத்தால்
வயிற்றை யார் பார்க்கப் போகிறார்கள்?

பின்னறை வாடகை கொடுக்க வந்த கமலரூபி டீச்சர்,
விசுவமடுவிலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்தவர்,
வாசலிலேயே நின்றார்.
"கிபிர்."

"இல்லை டீச்சர், மிராஜ்.
கிபிர் இதுக்குத் தம்பி மாதிரி.
அதுக்குக் காற்றுவாய் ஓரத்தில் ரெண்டு குட்டிச் செட்டை இருக்கும்,
இதுக்கு இல்லை, பாருங்க."
இதை யாராவது கேட்கமாட்டார்களா என்று
பல வருடம் காத்திருந்தவன் நான்.
சொல்லிக்கொண்டே போனேன்.
முடிக்கவிட்டுக் கேட்டார்:
"கீழ நிண்டு பார்த்தா அது தெரியுமோ?"

எனக்குத் தெரியவில்லை.

"மூவாயிரம் அடி எண்டு வைப்பம்."
ரசீதின் பின்பக்கத்தில் எழுபத்திரண்டால் வகுத்தார்.
நாற்பத்தொன்று தசம் ஆறு, ஆறு, ஆறு.
"இது முடியாது," என்று
முதல் ஆறின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்.

கோயில் வீதிக்கு ஏறும் படி ஒவ்வொன்றும் அரையடி.
எண்பத்து மூன்று ஏறினேன்,
ஒரு கையில் விமானம், ஒரு கையில் குடை.
கீழே தேயிலை ஓரத்தில் அவர்.
மேலிருந்து தலைவகிடும் செருப்பு நுனியும்தான்.
அண்ணாந்தபோது முகம் மட்டும்.

மதிலுக்கு வெளியே கையை நீட்டினேன்.
பழக்கதோஷம்,
தொண்டைக்குள் ஓர் இரைச்சல் திரண்டது,
பொடியன்கள் எல்லாரும் வாயால் போடுவது.

"சத்தம் போடாதேங்கோ!"

நான் வாயே திறக்கவில்லை.

"கொஞ்சம் இடப்பக்கம் சரியுங்கோ."
சரித்தேன்.
"இன்னும்."
அதற்குள் வெல்லவாயப் பக்கமிருந்து ஏறி வந்த பனி
செருப்பை மூடியது, தேயிலையை மூடியது,
முகத்தையும்.
வெள்ளைக்கு மேலே நானும் மிராஜும்.
"டீச்சர்?"
பதில் இல்லை.
கை கடுத்தது.
இறக்கு என்று சொல்லாமல் இறக்கக் கூடாது போலிருந்தது.
எவ்வளவு நேரமென்று தெரியாது.
"இருக்கிறன்," என்று வந்தது,
நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து அல்ல.

மறுநாள் கடைக்கு வந்து பனடோல் இரண்டு அட்டை வாங்கினார்.
காசோடு ஒரு மடித்த கொப்பித்தாள்.
உள்ளே ஊசித்துண்டு.
"செருப்பைத் துளைச்சு ஏறிப் போச்சு. உங்கட சாமான்தானே."
"ஏற்பூசி போடணும் டீச்சர்."
"போட்டாச்சு."
சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

மூக்கை இன்னும் ஒட்டவில்லை.
விமானத்தை மல்லாத்தி வைத்து
வயிற்றின் சாம்பலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.
என்ன நிறம் என்று அவரைக் கேட்க வேண்டும்.
கேட்கவில்லை.